புல்லிச் சாவி நடுவில் நிற்கிறதா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், மாவு மில் நடத்தும் குழுக்களுக்காகப் பேசியது)



அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் நம்ம பூமி மானம் பார்த்த பூமி. கம்பு, சோளம், மல்லி, வத்தல் என்று விளைகிறதை மாவாகவும் பொடியாகவும் ஆக்கி விற்றால்தான் நாலு காசு கூடக் கிடைக்கும். அதற்காகத்தானே கடன் வாங்கி மில் போடுகிறோம்? மில் நின்றாலும் தவணை நிற்பதில்லை. அதனால் மில்லை நிறுத்துகிற ஒரு சின்னக் கோளாறு பற்றி இன்றைக்குப் பேசுவோம்.

மோட்டாரின் ஓட்டத்தைப் பெல்ட் வழியாக வாங்குவது புல்லி. அது சாப்டில் வழுக்காமல் இருக்க, இரண்டுக்கும் இடையில் ஒரு இரும்புத் துண்டு இருக்கும். அதுதான் சாவி. சாவி உட்காருவதற்குச் சாப்டில் வெட்டுகிற பள்ளத்தைப் பட்டறையில் ‘கீவே’ என்பார்கள். சாப்ட் 40 மி.மீ. கனம் என்றால் சாவி 12 மி.மீ. அகலம், 8 மி.மீ. உயரம். பள்ளம் 5 மி.மீ. ஆழம்.

பள்ளம் சாப்டின் நட்டநடுவில் இருக்க வேண்டும். அரை மி.மீ. விலகினாலும் புல்லியின் பள்ளத்தோடு நேர் சேராது. சாவி ஏறவில்லை என்று ஒரு பக்கம் அரம் போட்டுத் தேய்ப்பார்கள். அப்புறம் சாவி ஆடும். மில் கிளம்பும்போதெல்லாம் ‘டக் டக்’ என்று அடிக்கும். பள்ளம் அகலும், புல்லி கோணும், பெல்ட் அறுகும். கடைசியில் சாப்டே விரிசல் விடும். தறியில் ஓர் இழை விலகினால் சேலை முழுக்கத் தெரியுமே, அது மாதிரிதான்.

வீட்டோடு சேர்ந்த சின்னப் பட்டறையிலும் இதைச் சரியாக வெட்ட முடியும். வழி இதுதான்:

சாப்டின் பக்கவாட்டில் எண்ணெய் தொட்டு ஒரு மெல்லிய காகிதத்தை ஒட்டுவார்கள். மில்லிங் மிஷினில் சுற்றுகிற கட்டரை மெதுவாகப் பக்கத்தில் கொண்டு வருவார்கள். கட்டர் காகிதத்தைப் பறித்தவுடன் நிறுத்தி, கட்டரைச் சாப்டுக்கு மேலே தூக்குவார்கள். பிறகு கணக்கு: சாப்டில் பாதி 20, 12 மி.மீ. கட்டரில் பாதி 6, காகிதத்தின் கனம் சுமார் 0.1. ஆக மொத்தம் 26.1 மி.மீ. நகர்த்தினால் கட்டர் நடுவில் நிற்கும். அவ்வளவுதான்!

இன்னொரு வழியும் உண்டு. மிஷினில் கூர்முனைக் கம்பியை மாட்டி, முனைக்கும் சாப்டின் முதுகுக்கும் இடையில் மெல்லிய ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து லேசாக அழுத்த வேண்டும். ஸ்கேல் மட்டமாக நின்றால் நடு சரி. எந்தப் பக்கம் தாழ்கிறதோ, அந்தப் பக்கம் முனை விலகியிருக்கிறது என்று அர்த்தம்.

சில இடங்களில் கண்மட்டத்தில் பார்த்தே வெட்டிவிடுகிறார்கள். “பொம்பளைங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?” என்ற பேச்சும் நாங்கள் கேட்டதுதான். அதற்குப் பதில் சண்டை இல்லை, அளவுதான். வேலை முடிந்ததும், காசு கொடுக்கும் முன் இப்படிப் பாருங்க:

1. சாப்டைச் சமமான மேஜை மேல் வைத்து, பள்ளம் நேர் மேலே பார்க்கும்படி திருப்பி, சாவியைப் பொருத்துங்க.

2. இரண்டு பக்கமும் சாப்டைத் தொடுகிற மாதிரி மூலைமட்டம் நிறுத்துங்க.

3. மூலைமட்டத்திலிருந்து சாவியின் பக்கம் வரை அளங்க. 40 மி.மீ. சாப்ட், 12 மி.மீ. சாவி என்றால் இரண்டு பக்கமும் 14 வரணும். ஒரு பக்கம் 13, மறுபக்கம் 15 என்றால் வாங்காதீங்க.

4. சாவி கையால் ஆட்டினால் ஆடக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. மிஷின் ஓடும்போது அளக்கப் போகாதீங்க. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளியே நில்லுங்க. மில்லில் கைவைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்க.

சாப்டின் கனம், சாவியின் அகலம், வெட்டிய தேதி, கொடுத்த கூலி நான்கையும் தீர்மான நோட்டில் எழுதி வையுங்க. அடுத்த முறை பேரம் பேச அதுவே சாட்சி.

தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது, கையெழுத்துப் போடக் கற்றதே பெரிய காரியமாக இருந்தது. பிறகு பாஸ்புக் படிக்கக் கற்றோம், வங்கி மேலாளரிடம் கேள்வி கேட்கக் கற்றோம். இனி ஸ்கேலையும் படிப்போம். நம் பணத்தில் ஓடுகிற மில்லின் நடு எது என்று நமக்கே தெரியட்டும்.