நரி முகத்தில் விழித்தவன்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்ம ஹாஸ்டலில் யாருக்காவது மணியார்டர் வந்துவிட்டால் போதும், "என்னப்பா, காலையில நரி முகத்துல முழிச்சியா?" என்று கேட்போமே, நினைவிருக்கிறதா? கேட்டவர்களில் ஒருத்தர்கூட நரியைப் பார்த்ததில்லை. நானும்தான். வேலை நிமித்தம் மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூருக்குப் போன பிறகுதான் அந்த முகத்தைப் பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல் காமிராவையும் தூக்கினேன். அந்தக் கதையைச் சொல்லும்படி செயலாளர் கட்டளை.

சோலாப்பூருக்குப் பக்கத்தில் நான்னஜ் என்று ஓர் ஊர். கானமயிலுக்காக ஏற்பட்ட சரணாலயம் அங்கே உண்டு. மரம் அடர்ந்த காடு அல்ல. புல்வெளியும் நடுநடுவே சோளக்காடும்தான். அங்கே இருப்பது இந்திய நரி. நம் பக்கத்தில் குள்ளநரி என்றும், சேலம் பக்கம் வங்காநரி என்றும் சொல்வார்கள். ராத்திரியில் கூட்டமாக ஊளையிடும் பெரிய நரி வேறு. இது சுமார் 3 கிலோதான் இருக்கும். வால் நுனி கறுப்பு. எலி, வெட்டுக்கிளி, கறையான், இலந்தைப்பழம் எல்லாம் தின்னும். எலியைத் தின்பதால் விவசாயிக்கு அது வேண்டியவன் என்றே சொல்லலாம்.

குளிர்காலத்தில் ஜோடி சேர்ந்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் வளைக்குள் குட்டி போடும். 2 முதல் 4 குட்டிகள். அப்படி ஒரு வளையை நான் கண்டுபிடித்தேன். புதுசாக வாங்கிய லென்ஸ், இள ரத்தம், கேட்கவா வேண்டும்? வளைக்குப் பத்து மீட்டர் தள்ளி மூன்று நாள் காலையில் போய்ப் படுத்துக் கிடந்தேன். தாய் நரி தூரத்தில் நின்று குரைத்தது. காதைப் பின்னால் மடித்து என்னையே முறைத்தது. ஆகா, என்ன அருமையாகப் போஸ் கொடுக்கிறது என்று ஒரு ரோல் முழுக்க எடுத்துத் தள்ளினேன்.

நான்காம் நாள் வளை காலி. ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். "ராத்திரி ஒவ்வொண்ணா வாயில கவ்விக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு போச்சு. ஒண்ணை மட்டும் நாய் பிடிச்சிடுச்சு" என்றார். மராத்தியில் அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அந்தப் படம் பிறகு ஒரு காலண்டரில் வந்தது. பாராட்டாத ஆள் இல்லை. அந்த மடிந்த காதுகளுக்கு என்ன அர்த்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நரிக்கு நாய் எவ்வளவு பெரிய பயம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆய்வாளர் அபி வனக்கும் அவருடைய சகாக்களும் இந்திய நரிகளுக்குத் தட்டில் உணவு வைத்துப் பரிசோதித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். பக்கத்தில் நாய் இருந்தால் நரி குறைவாகத் தின்கிறது, நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. நாயைக் கண்டே வயிறு நிறையாத பிராணியை, நானும் சேர்ந்து குட்டியோடு நடுராத்திரியில் ரோட்டுக்கு விரட்டியிருக்கிறேன்.

இதற்கு நேர்மாறான தப்பும் ஒன்று உண்டு. பிஸ்கட்டோ கோழித்துண்டோ போட்டு நரியைக் கிட்டே வரவழைப்பது. வரும். நாலு நாளில் ஜீப் சத்தம் கேட்டாலே ஓடிவரும். படமும் பிரமாதமாக அமையும். ஆனால் நம்மிடம் கற்றுக்கொண்ட நம்பிக்கையை அது அடுத்த வண்டிக்காரனிடமும் காட்டும். அவன் கையில் பிஸ்கட் இருக்குமா, கல் இருக்குமா, அதற்கு எப்படித் தெரியும்?

ரொம்ப தூரம் போக வேண்டாம். நம் சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலை ஒட்டி வலை போட்டு வங்காநரியைப் பிடித்து, ஊர்வலம் விட்டு, பிறகு காட்டில் விடும் வழக்கம் இருந்து வருகிறது. நரி முகத்தில் விழித்தால் மழை பெய்யும், விளைச்சல் பெருகும் என்ற நம்பிக்கை. 1972-ம் வருடத்து வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். வனத்துறை அபராதமும் போட்டிருக்கிறது. பொங்கல் சமயத்தில் பிடிபடுவது வயிற்றில் குட்டியோடு இருக்கும் பெட்டையாகக்கூட இருக்கலாம். அந்த ஜனங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர்கள் வலையால் பிடித்தார்கள், நான் லென்ஸால் பிடித்தேன். இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது அந்த முகம்தான்.

இப்போது வளைப் பக்கமே போவதில்லை. ஜீப்பை ஒதுக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். காது மடிந்தாலோ, தின்பதை நிறுத்தி நிமிர்ந்தாலோ கிளம்பிவிடுவேன். பல நாள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். ஒரு நாள் விடியற்காலையில் ஒரு நரி தானாக வந்து, என்னை ஒரு தடவை பார்த்து, கொட்டாவி விட்டு, வாலைச் சுருட்டிப் படுத்துத் தூங்கிவிட்டது. படம் சுமார்தான், முகம் பாதி புல்லில் மறைந்திருக்கிறது. எந்தக் காலண்டர்காரரும் வாங்க மாட்டார். என் வீட்டுக் கூடத்தில் அதைத்தான் மாட்டியிருக்கிறேன்.

தினமும் அந்த முகத்தில்தான் விழிக்கிறேன்.