அடுக்களைப் புகாரும் பொறியியலும்



வீட்டுச் சாதனங்களைப் பற்றி மக்கள் அன்றாடம் பேசிக்கொள்ளும் கருத்துகளைக் கல்விக்கூடங்கள் பெரும்பாலும் செவிமடுப்பதில்லை. இந்த மிக்சியில் அரைத்தால் மாவு பொங்குவதில்லை, புதுப் போனில் தமிழ் தட்டக் கை வலிக்கிறது, நம் ஊர் உப்புத் தண்ணீருக்கு இந்த வாஷிங் மெஷின் தாங்காது என்றெல்லாம் விருதுநகர் மாவட்டத்தின் இராசபாளையம் பேருந்து நிலையத்திலும், திருவில்லிபுத்தூர்த் தேரடியிலும், ஆலங்குளத்துத் தேநீர்க் கடைகளிலும் நாள்தோறும் நடக்கும் பேச்சு, பொழுதுபோக்காகக் கருதப்பட்டுக் காற்றில் கரைந்துவிடுகிறது. ஒரு சாதனம் உருவான ஊருக்கும் அது பயன்படும் ஊருக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையை முதலில் கண்டறிந்து சொல்வது இந்தப் பேச்சுதான் என்பதும், அதைக் காதுகொடுத்துக் கேட்டவர்களே இந்நாட்டுச் சமையலறைகளை மாற்றியவர்கள் என்பதும், பொறியியலும் அறிவியலும் வணிகவியலும் கற்று வெளியேறும் தலைமுறையின் முன் வைக்கப்பட வேண்டிய செய்திகளாகும்.

ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் அதை வடிவமைத்தவரின் வீடு ஒளிந்திருக்கிறது. அந்த வீட்டின் மின்சாரம், குழாய் நீர், தானியம், மொழி, தட்பவெப்பம், சமைப்பவர் நின்று வேலை செய்கிறாரா உட்கார்ந்து வேலை செய்கிறாரா என்பது வரை பலவும் வடிவமைப்பாளரின் மனத்தில் கேள்வியின்றி ஏற்கப்பட்டுச் சாதனத்தின் உடலில் பதிந்துவிடுகின்றன. இவற்றுள் சில வெளிப்படையானவை: இந்திய வீடுகளில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரமும் பாய்கின்றன என்பதும், ஹெர்ட்ஸ் என்பது மின்னோட்டம் ஒரு நொடியில் எத்தனை முறை முன்னும் பின்னுமாகத் திசைமாறிச் சுழற்சியை முடிக்கிறது என்பதைக் குறிக்கும் அளவு என்பதும் பாடநூலில் உள்ளவை, சாதனத்தின் அடியில் ஒட்டப்பட்ட தகட்டிலும் அவை அச்சிடப்பட்டிருக்கும். ஆனால், எந்தப் பருப்பை அரைப்பதற்காக இக்கருவி உருவாக்கப்பட்டது என்பதை எந்தத் தகடும் சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் சமைப்பவர்தான்.

இதற்கு இந்தியாவின் தெளிவான சான்று மிக்சியின் வரலாறு. சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய சத்ய பிரகாஷ் மாத்தூரின் வீட்டில் இருந்த ஜெர்மானிய பிரௌன் நிறுவன மிக்சி, இந்தியச் சமையலின் சுமையைத் தாங்காமல் எரிந்துபோனது. அவருடைய மனைவி மாதுரி அதனால் பட்ட அவதியே இந்திய வீட்டுக்கென ஒரு மிக்சியை வடிவமைக்க மாத்தூரைத் தூண்டியது. 1963ஆம் ஆண்டு உருவான அக்கருவியே பின்னர் சுமீத் என்ற பெயரில் வீடுதோறும் பரவியது. ஜெர்மானிய மிக்சியில் செய்நேர்த்திக் குறை ஏதும் இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. பழத்தையும் வேகவைத்த காய்கறியையும் நீர்மமாக்குவதற்கென அமைந்த மோட்டாரிடம் காய்ந்த மிளகாயையும் விரலி மஞ்சளையும் ஊறிய அரிசியையும் கொடுத்து, நிறுத்தாமல் பல நிமிடங்கள் ஓட்டினால், காயில் எனப்படும் செப்புக் கம்பிச் சுருள் சூடேறிக் கருகுவது இயல்பே. மாத்தூர் செய்தது, மாதுரியின் புகாரை மோட்டாரின் வலு, அலகின் வடிவம், தொடர்ந்து ஓடும் நேரம் ஆகிய அளவுகளாக மாற்றியதுதான்.

இன்றைய மிக்சியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பவர் அடிப்பாகத்தில் ஒரு சிறிய சிவப்புப் பொத்தானைக் காண்பார். சுமை மிகும்போது மின்னோட்டத்தைத் தானே துண்டித்து மோட்டாரைக் காக்கும் அமைப்பு அது; கெட்டித் தேங்காய்ச் சட்டினி அரைக்கும்போது மிக்சி திடீரென நின்றுவிட்டால், பள்ளிக்குக்கூடப் போகாத பாட்டியும் சற்று நேரம் ஆறவிட்டு, கவிழ்த்து, அந்தப் பொத்தானை அழுத்தி மீண்டும் ஓட்டுகிறார். நம் வீடுகளில் கருவியின் எல்லை நாள்தோறும் தொடப்படும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு அது என்ற வகையில், அச்சிறு பொத்தானில் ஒரு சமூகத்தின் உணவுப் பழக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம்.

மிக்சி வந்த பிறகும் கிரைண்டர் மறையவில்லை என்பது இன்னும் ஆழமாக ஆராயத்தக்கது. மிக்சியின் அலகு நிமிடத்துக்கு ஏறத்தாழ 20,000 சுற்றுகள் சுழன்று தானியத்தை வெட்டுகிறது. கிரைண்டரின் கல்லோ நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் சுற்றுகள் மட்டுமே சுழன்று தானியத்தை நசுக்கித் தேய்க்கிறது. வேகத்தால் எழும் சூடு மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகளுக்கு ஒவ்வாதது. உளுந்திலுள்ள பசைத்தன்மை வாய்ந்த மாவுப்பொருளும் புரதமும் காற்றுக் குமிழிகளைப் பிடித்துவைக்க வேண்டுமானால், அது நீர் தெளித்துத் தெளித்து மெதுவாக ஆட்டப்பட வேண்டும். அவ்வாறு ஆட்டிய மாவில், லியூகோநாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் முதலிய பாக்டீரியாக்கள் இரவு முழுவதும் பெருகி வெளியிடும் கரியமிலவாயுவும் அக்குமிழிகளில் தங்கி மாவைப் பொங்கவைக்கிறது. ஒரு துளி உளுந்து மாவைத் தண்ணீரில் இட்டு அது மிதக்கிறதா என்று பார்த்தே பதத்தை முடிவுசெய்யும் வழக்கம், அடர்த்தியை அளக்கும் ஆய்வக முறைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆகவே, மிக்சி மாவில் இட்லி கல்லாக இருக்கிறது என்ற வீட்டுக் கருத்து, உயிர்வேதியியலும் இயந்திரவியலும் சந்திக்கும் இடத்தில் சொல்லப்பட்ட ஒரு துல்லியமான கண்டறிதல்.

அவ்வாறு மெதுவாக மாவை ஆட்டித்தரும் மின்கருவியை 1955ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் உருவாக்கியவர் பி. சபாபதி. ஆட்டுக்கல்லில் உரல் அசையாதிருக்க, குழவியைக் கை சுற்றியது. கிரைண்டரில் கற்பாத்திரம் சுழல, குழவி பிடித்து நிறுத்தப்பட்டது. ஓரத்தில் ஒதுங்கும் மாவைக் கையால் நடுவுக்குத் தள்ளிவிடும் வேலையை ஒரு சிறு பலகை ஏற்றுக்கொண்டது. பழைய கருவியின் அரைக்கும் முறையைக் கைவிடாமல், எது சுழல வேண்டும் எது நிற்க வேண்டும் என்பதை மட்டும் இடம்மாற்றிய இந்தச் சிந்தனை, பெண்களின் தோள்வலியைக் குறைத்ததோடு ஒரு தொழிலையும் வளர்த்தது; ஊத்துக்குளிப் பகுதிக் கருங்கல்லோடு இணைந்து வளர்ந்த கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் பின்னாளில் புவிசார் குறியீடும் கிடைத்தது. புவிசார் குறியீடு என்பது ஒரு பொருளின் தரமும் புகழும் அது உருவாகும் இடத்தைச் சார்ந்தவை என்பதற்கான சட்ட அங்கீகாரம். 2019இல் அதைப் பெற்ற திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை உண்டு வளர்ந்தவர்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1970 முதல் சிமென்ட் ஆலையின் பெயரால் அறியப்பட்ட ஆலங்குளத்தாருக்கு, அரைப்பது என்பதே ஒரு தொழில்நுட்பம் என்பதையும், சுண்ணாம்புக்கல்லை நீருடன் அரைப்பதா உலர அரைப்பதா என்ற முடிவு ஓர் ஆலையின் எரிபொருள் செலவையே மாற்றிவிடும் என்பதையும் கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே 1955ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் தோஷிபா நிறுவனம் தானியங்கி மின்சாரச் சோற்றுப்பானையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய மினாமி யோஷிததாவுக்காக இரவும் பகலும் சோறு சமைத்துச் சோதனை செய்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. நீர் முழுவதும் வற்றியவுடன் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்பதும், அவ்வெப்பத்தில் வளையும் இரட்டை உலோகத் தகடு மின்சாரத்தைத் துண்டித்துவிடும் என்பதும் அதன் அடிப்படை. நீரெல்லாம் அரிசிக்குள்ளேயே அடங்கி ஒட்டும் பதம் வரவேண்டிய ஜப்பானியச் சோற்றுக்கு இது மிகப் பொருத்தமானது. புழுங்கலரிசியை வேகவைத்துக் கஞ்சி வடித்து உதிரியாக உண்ணும் தமிழ் வீட்டுக்கு அவ்வளவு பொருந்தவில்லை. இங்கே வென்றது பிரஷர் குக்கர். அதோடு, மூன்று விசில், ஐந்து விசில் என்று காதால் காலத்தை அளக்கும் ஒரு முறையும் பிறந்தது. அடுப்பின் தீயைப் பொறுத்து விசிலின் இடைவெளி மாறும் என்பதால் இது துல்லியமான அலகன்று. ஆயினும், அறைக்கு வெளியே துணி துவைத்துக்கொண்டும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டும் இருக்கும் பெண்ணுக்குக் கண்ணால் பார்க்கவேண்டிய கடிகாரத்தைவிட இது மேலான கருவி என்பதை மறுப்பதற்கில்லை.

கடல்கடந்த தமிழர் வீடுகளில் இந்தப் பொருத்தமின்மை எதிர்த்திசையில் வெளிப்படுகிறது. விருதுநகர் மாவட்டத்து வெயிலில் மாவு சீக்கிரம் புளித்துவிடுவதே கவலை. டொராண்டோவின் பனிக்காலத்தில் மாவு புளிக்கவே மறுக்கிறது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஓவன் அடுப்பைச் சூடாக்காமல் அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு அந்த இளஞ்சூட்டில் மாவை வைக்கின்றன. மின்சாரக் குக்கரில் தயிர் உறைவதற்கென அமைந்த பொத்தானை மாவுக்குப் பயன்படுத்துகின்றன. ஊரிலிருந்து மிக்சியும் கிரைண்டரும் கொண்டுசெல்வோர் இன்னொரு நுட்பத்தையும் அறிந்திருக்க வேண்டும். கார்பன் பிரஷ் வைத்த மிக்சி மோட்டார், மின்னழுத்தம் சரியாக இருந்தால் ஹெர்ட்ஸ் மாற்றத்தைப் பொருட்படுத்தாது. கிரைண்டரிலுள்ள இண்டக்ஷன் மோட்டாரின் வேகமோ ஹெர்ட்ஸைப் பின்பற்றுவதால், மின்மாற்றி வைத்து ஓட்டினாலும் அமெரிக்க மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விரைந்து சுழலும்.

தொழில்நுட்பச் செய்திகள் இத்தகைய கேள்விகளைத் தொடுவதே அரிது. புதிய கைபேசி வெளிவரும்போது அதன் திரையும் கேமராவும் நினைவகமும் எண்களால் வரிசைப்படுத்தப்படுகின்றன; அதில் ஒரு தமிழர் எவ்வாறு எழுதுவார் என்பது கேட்கப்படுவதில்லை. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை, உயிரெழுத்துகளை இடக்கைப் பக்கமும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் வைத்து, ஒரே எழுத்தை இருமுறை தட்டினால் முதலெழுத்துக்குத் தானே புள்ளியிடும் வகையில், மொழியின் இயல்பையே கருவியாக்கியது. அத்தகைய முயற்சி இருந்தும் பலர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறார்கள். தட்டச்சே வேண்டாமென்று பெரும்பாலோர் குரல் செய்தி அனுப்புகிறார்கள். குரலை எழுத்தாக்கும் மென்பொருளோ செய்தி வாசிப்பவரின் தமிழுக்குப் பழகிய அளவுக்குக் கரிசல் காட்டுப் பேச்சுக்குப் பழகவில்லை. எழுத்தாளர் கி. ராஜநாராயணன் சொல்சொல்லாகத் தொகுத்து அகராதியாக்கிய பேச்சு அது. இராசபாளையத்தில் பல வீடுகளில் தெலுங்கும் அதோடு கலந்து ஒலிக்கிறது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியின் இரைச்சலுக்கிடையே ஒரு பெண் பேசும் வாக்கியத்தைக் கைபேசி சரியாகப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், அந்தக் குரலையும் அந்த இரைச்சலையும் உரியவரின் ஒப்புதலோடு பதிவுசெய்து சேர்ப்பவர் இவ்வட்டாரத்தை அறிந்தவராகவே இருக்க முடியும்.

பண்பாட்டு வேறுபாடு என்ற பெயரில் தரக்குறைவை மன்னித்துவிடும் போக்கும் உண்டு. அது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது. மாவை வழிக்கும் கை எப்போதும் ஈரமானது, தரையும் ஈரமானது, அதற்கு நடுவில் ஒரு மின்மோட்டார் ஓடுகிறது. உலோக உடலில் கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கடத்தும் எர்த் கம்பி இல்லாத வீடுகளிலும், இரண்டு துளை மட்டுமே உள்ள சாக்கெட்டில் பிளக்கின் மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டுச் செருகும் வீடுகளிலும் கிரைண்டர் ஷாக் அடிப்பது விதியாக ஏற்கப்பட்டுவிட்டது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி கடைகளில் கிடைக்கிறது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தின் வழியாகத் தமிழக அரசு விலையில்லா மிக்சியையும் கிரைண்டரையும் மின்விசிறியையும் எளிய வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது. பெண்களின் உழைப்பைக் குறைக்கும் கருவி அடிப்படைத் தேவை என்று ஓர் அரசு ஏற்றது பெருமைக்குரியது. அந்தக் கருவி செருகப்படும் சுவர் பாதுகாப்பானதா என்று வீடுவீடாகப் பார்க்கும் வேலை மின்னியல் படித்தவர்களுக்கு இன்னும் மிச்சமிருக்கிறது.

மிச்சமிருக்கும் இன்னொரு வேலை பழுதுபார்ப்பதைச் சார்ந்தது. ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கி, உற்பத்தியாளர்கள் உதிரிப்பாகம், கையேடு பற்றிய விவரங்களை வாங்குவோருக்கு அளிக்க வழிசெய்தது. கடைத்தெருவில் காயில் கட்டும் தொழிலாளி, எந்தச் சாதனம் எத்தனை ஆண்டில் எந்த இடத்தில் பழுதாகிறது என்பதைக் கையால் அறிந்தவர். ஒரு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவிடம்கூட இல்லாத அறிவு அவருடைய மேசையில் கிடக்கிறது. அவருக்குக் கிடைக்காதது, மோட்டாரின் சுற்று வரைபடமும் அதைத் தமிழில் விளக்கும் கையேடும். பட்டம் பெறுவோருள் சிலர் ஓர் ஆண்டுக் காலம் அத்தகைய கடையொன்றில் அமர்ந்து, வரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் அதன் வகை, வாங்கிய ஆண்டு, அரைத்த பொருள், ஓடிய நேரம், வீட்டு மின்னழுத்தம், உரிமையாளர் சொன்ன புகார் ஆகியவற்றை அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துவைத்தால், அந்தக் குறிப்பேட்டைக் கொண்டு அடுத்த மிக்சியை வடிவமைக்கலாம், அந்தத் தொழிலாளிக்கான தமிழ்க் கையேட்டையும் எழுதலாம்.