ஆண்டுக்கு ஓர் யானை



பிரிட்டன் உலகப் பேரரசாக உயர்ந்த வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் இலண்டன் மாநகரிலிருந்து தொடங்குவர். நான் கறம்பக்குடியிலிருந்து தொடங்க விரும்புகிறேன். இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைமை ஊராக விளங்கும் கறம்பக்குடி, 1948 வரை தொண்டைமான் மன்னரின் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. அதனை அடுத்த தஞ்சைச் சீமையோ 1799 முதல் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்தது. மொழி ஒன்று, மக்கள் வாழ்வு ஒன்று, ஆட்சி மட்டும் இரண்டு. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது?

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தும் பிரான்சும் கடல் வாணிகத்துக்காகப் பகைத்து நின்றன. அந்தப் பகை நம் நாட்டிலும் போராக மூண்டது. கருநாடக நவாபு பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபைப் பிரெஞ்சுக்காரர் ஆதரித்தனர். முகம்மது அலியை ஆங்கிலேயர் ஆதரித்தனர். 1752-இல் திருச்சிராப்பள்ளிக் கோட்டை முற்றுகையில் சிக்கியிருந்தபோது, தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கம் நின்று உணவுப் பொருள்களை அனுப்பி உதவினார். கப்பற்படை கடலை ஆளலாம். கோட்டைக்குள் இருக்கும் சிப்பாய்க்குச் சோறு வேண்டுமே! தொலைநாட்டு வல்லரசின் வெற்றிக்கு உள்ளூர் நெல்லும் ஒரு காரணமாயிற்று.

1799-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டுக் கும்பினியாரிடம் ஒப்படைக்கப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மன், அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ஒன்பது நாள் கழித்து, தஞ்சை மன்னர் சரபோஜி உடன்படிக்கையின் வாயிலாகத் தம் நாட்டு ஆட்சியைக் கும்பினியிடம் விட்டுக் கொடுத்தார். போர், தண்டனை, உடன்படிக்கை என்னும் மூன்று வழிகளும் ஓர் ஆண்டுக்குள்ளே ஒரே முடிவுக்குக் கொண்டுசென்றன.

நான்காவது வழி ஒன்றும் உண்டு, அதுதான் நட்பு. தாம் புரிந்த உதவிகளை நினைவூட்டி, 1803-இல் தொண்டைமான் கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சார்ந்த பகுதியையும் வேண்டினார். அவை கிடைத்தன. 1806-இல் இலண்டனிலிருந்த கும்பினி இயக்குநர்கள் அதனை உறுதி செய்தனர். ஆண்டுதோறும் ஓர் யானை திறையாகத் தரவேண்டும் என்பது ஏற்பாடு. அந்த யானையைக் கும்பினியார் வற்புறுத்திக் கேட்டதே இல்லை. 1836-இல் முறைப்படி அதனைத் தள்ளுபடியும் செய்துவிட்டனர்.

எத்துணைப் பெருந்தன்மை என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் அக்கொடையோடு வேறு நிபந்தனைகளும் இருந்தன. அந்நிலத்தைப் பிறருக்கு உரிமையாக்கக் கூடாது. அங்குள்ள குடிகள் கொடுங்கோன்மையால் வருந்துவது மெய்ப்பிக்கப்பட்டால் நிலம் கும்பினிக்கே மீளும். குடிகளைக் காக்கும் நிபந்தனை நல்லதே. ஆயினும், கொடுங்கோன்மை எது என்று தீர்ப்பளிக்கும் உரிமை யாரிடம் இருந்தது? யானையை வேண்டாம் என்றவர்கள் அந்த உரிமையை மட்டும் விட்டுவிடவில்லை. உண்மைத் திறை அதுவே என்பது என் கருத்து.

தொண்டைமானைப் பழிப்பதும் புகழ்வதும் எளிது. அந்நட்பினால் அவர் நாடு தஞ்சையைப் போல் மறையாமல், 1948 மார்ச்சு 3-ஆம் நாள் சென்னை மாகாணத்தோடு இணையும் வரை நிலைத்தது. அது பெற்ற பயன். போரும் அயலுறவும் அதன் கையில் இல்லாமற் போயின. அது கொடுத்த விலை. 1939 செப்டம்பர் 3-ஆம் நாள் வைசிராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்களைக் கலக்காமலே இந்தியா போரில் இறங்கியதாக அறிவித்தபோது, அந்த விலையை நாடு முழுவதுமே உணர்ந்தது.

காலச்சக்கரம் சுழன்றது. 1956-இல் சூயசுக் கால்வாயைக் கைப்பற்றப் பிரான்சோடு சேர்ந்து எகிப்தில் படையிறக்கிய பிரிட்டன், அமெரிக்கா பொருளாதார நெருக்குதல் கொடுத்ததும் பின்வாங்க நேர்ந்தது. பிறருக்கு நிபந்தனை விதித்த நாடு, தன் நண்பனின் நிபந்தனைக்குத் தானே பணிந்தது!

எனவே, வல்லரசு ஒன்று சிறுநாட்டுக்குத் தானியமோ கடனோ படைக்கலமோ வழங்கியது என்று நாளேட்டில் படிக்கும்போது, பெற்றுக்கொண்ட பொருளின் அளவை மட்டும் கணக்கிடாதீர்கள். இனி முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். வரலாறு கற்பதன் பயன் அந்தக் கேள்வியைத் தக்க காலத்தில் கேட்கத் தெரிவதே.