தொட்டிலும் தாய்மடியும்



பிறந்த பெண்மகவைக் கள்ளிப்பாலுக்கும் நெல்மணிக்கும் இரையாக்கிய கொடுமை நம் சேலம் நாட்டிலும் இருந்தது, மறைத்துப் பயனில்லை. அதனைத் தடுக்கவே அரசினர் 1992ஆம் ஆண்டு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதன்முதல் இச் சேலம் மாவட்டத்திலே தொடங்கினர். (நாமக்கல்லும் அந்நாளில் இதன் பகுதியே.)

தொட்டில் உயிரைக் காத்தது. அதனை யான் குறைகூறேன். ஆயினும், பால் கட்டிய மார்போடு வெறுங்கையளாய் வீடு திரும்பும் தாயை எண்ணிப் பாருங்கள். அவள் கல்நெஞ்சினள் அல்லள். 'மூன்றாவதும் பெண்தானா?' என்னும் மாமியார் சொல்லும், கணவன் முகச்சுளிப்பும், நாம் வளர்த்துவிட்ட சீர்வரிசைக் கணக்குமே அவள் கையினின்று மகவைப் பறித்தன. என் வகுப்புப் பதிவேட்டில் 'போதும்பொண்ணு' என்னும் பெயரை வாசிக்குந்தோறும் யான் நாணித் தலைகவிழ்வதுண்டு. அப்பெயரை இட்டவர் நம்மவரே.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ஒரு நல்வழி வைத்துள்ளது. குழந்தைகள் நலக் குழுவினரிடம் மகவை ஒப்படைத்த பெற்றோர் தம் முடிவை மீள எண்ணுதற்கு இரண்டு திங்கள் தவணை உண்டு. மனம் மாறினாராயின், குழுவினர் விசாரித்து, மேற்பார்வையின்கீழ்க் குழந்தையை அவர்களிடமே இருத்தலும் கூடும்.

அவ் அறுபது நாளினும் பேறுகாலத்துக்கு முந்திய மாதங்களே பெரிதும் பயன்படுவன. கலங்கி நிற்கும் வீடு உறவினர்க்குத் தெரியாமற் போகாது. நம் மாதர் இருவர் அங்குச் செல்க. தாயைக் கடியாது, மாமியாரிடமும் தந்தையிடமும் முதலிற் பேசுக. பிறந்தபின் தந்தையின் கையிலே மகவைக் கொடுத்துத் தாலாட்டச் செய்க. செய்தி ஊர்வாய்க்குப் போதல் கூடாது. அடியும் பட்டினியும் கண்டால் மட்டும் தயங்காது 1098 என்னும் தொலைபேசி எண்ணில் அறிவித்திடுக.

அவ்விருவராக முன்வருவோர் இன்றே தம் பெயரைச் செயலாளரிடம் கொடுக்க வேண்டுகிறேன்.