உச்சிக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம்?

தலைவர் அவர்களே, வாசிகசாலையை நடத்திவரும் தம்பி தங்கச்சிமாரே, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே!

விஞ்ஞானம் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் பிள்ளைகளுக்கு முதலில் வரையக் கற்றுக்கொடுப்பது நேர்கோட்டு வரைபு. ஒன்று கூடினால் மற்றதும் கூடும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் உலகத்தில் பாதி விஷயங்கள் அப்படி நடப்பதில்லை. வெளியே தெரிகிற நமுனுகுல மலையைப் போல ஒரு பக்கம் ஏறி, உச்சி தொட்டு, மறுபக்கம் இறங்குகின்றன. கவ்வாத்துக் கத்தியின் இரும்பை எடுங்கள். உள்ளே இருக்கும் மணிகள் சிறுக்கச் சிறுக்க உலோகம் உறுதியாகும் என்று 1950களில் ஹோல், பெட்ச் என்ற இருவர் காட்டினார்கள். அந்த மணிகள் பத்திருபது நனோமீற்றருக்கும் கீழே போனால் கதை திரும்பிவிடுகிறது. அதற்குமேல் சிறுத்தால் உலோகம் இளகத் தொடங்குகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்முடைய தொழிற்சாலைக்குள் போவோம். ரோலரில் இருந்து இறங்கிய டூலை, அதாவது நசுக்கிய கொழுந்தை, விரித்துப் போட்டதும் பச்சை வாடை அடிக்கும். நேரம் போகப்போக பச்சை செம்பு நிறமாகும், பழ வாசம் எழும்பும். இலைக்குள் இருக்கும் பொலிபீனோல்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து தியாபிளேவின் என்ற பொருளாகின்றன. தேநீரின் பளபளப்பும் நாக்கைச் சுண்டுகிற அந்தச் சுறுக்கும் அதனால் வருபவை. ஆனால் தியாபிளேவின் ஓர் உச்சம் வரை ஏறிவிட்டு, பிறகு தானே மாறி தியாரூபிஜினாகத் தொடங்கும். சாயம் கறுக்கும், குடித்தால் சப்பென்று இருக்கும். நல்ல டீமேக்கர் ஒருவர் கைப்பிடி டூலை அள்ளி மூக்கருகே வைத்து, "இப்ப தள்ளு" என்று டிரையர்காரரிடம் சொல்கிறாரே, அந்த ஒரு சொல்லில் எவ்வளவு இரசாயனவியல் இருக்கிறது!

ஊவா சீசனும் இப்படித்தான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மலைகளைத் தாண்டி வறண்டு வீசும்போது கொழுந்து மெதுவாக வளர்கிறது. நிறை குறைகிறது. ஆனால் அந்த வாட்டத்தில்தான் இலைக்குள் மணப்பொருட்கள் திரள்கின்றன. கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அந்தக் குளிர்ந்த வாசத்தில் மெதயில் சலிசிலேற்றுக்குப் பெரிய பங்குண்டு. சரி, வறட்சி நல்லது என்று சொல்லிவிடலாமா? இன்னும் சில வாரம் மழை இல்லாவிட்டால் கொழுந்தே வராது, இளங்கன்று கருகும்.

இனி அரசியலுக்கு வருகிறேன். தலைவர் முறைக்கிறார், பரவாயில்லை.

வரியைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் வருமானம் குறையும் என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் லாஃபரின் பெயரால் சொல்கிறார்கள். அதை 14ஆம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் இப்னு கல்தூன் எழுதிவிட்டார். அவருக்கும் பல நூற்றாண்டு முன்னால், பாண்டியன் அறிவுடை நம்பியின் முகத்துக்கு நேரே புலவர் பிசிராந்தையார் சொல்லிவிட்டார். சிறிய வயலானாலும் அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் இறங்கினால் தின்பதைவிட மிதிப்பது அதிகம். வரி வாங்கும் அரசும் அந்த யானைதான். புறநானூறு, 184ஆவது பாட்டு. 2019 ஜூலையில் இந்திய நிதியமைச்சர் வரவுசெலவுத்திட்ட உரையில் இதை எடுத்துச் சொன்னார்.

அதே 2019 டிசம்பரில் நம் நாட்டில் என்ன நடந்தது? பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறக்கினார்கள். வரியைக் குறைத்தால் வியாபாரம் பெருகும், வருமானம் தானாக வரும் என்றார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 12 வீதமாக இருந்த வரி வருமானம் 2021இல் 8 வீதத்துக்கும் கீழே போனது. கொரோனாவும் சேர்ந்துகொண்டது உண்மை. ஆனால் யானை வயலில் இறங்கிய நாடு இல்லை இது. யானைக்கே கவளம் போதாமல் கிடந்த நாடு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். 2024 ஜனவரியில் அதே வரி 18 வீதமாகி, நம் லயத்துச் சமையலறை வரைக்கும் வந்தது.

உரமும் அப்படித்தான். இரசாயன உரம் மிஞ்சினால் கெடுதி. மறுக்கவில்லை. மண் புளித்துப்போய் டொலமைட் போடுகிற மலைகளை நீங்களே அறிவீர்கள். அதற்காக 2021 மேயில் ஒரே வர்த்தமானியில் இறக்குமதியைத் தடைசெய்து, நாடு முழுவதையும் பூச்சியத்துக்கு இழுத்துவிட்டார்கள். நவம்பரில் தடையை நீக்கும்போது செடி பட்டினி கிடந்தாகிவிட்டது. 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டு சுமார் 250 மில்லியனுக்கு இறங்கியது. டீசலும் கரண்டும் இல்லாமல் போனதும் ஒரு காரணம். ஆனால் செடியிடம் போய்க் கேட்டால் உரத்தைத்தான் முதலில் சொல்லும்.

வரியிலும் உரத்திலும் ஒரே தப்பு என்பேன். மலைக்கு மறுபக்கம் உண்டு என்று படித்துத் தெரிந்துகொண்டார்கள். நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அளந்து பார்க்கவில்லை. மலையில் நிற்கிறவர்களிடம் கேட்கவும் இல்லை.

கேட்டிருந்தால் இந்த அம்மாமார் சொல்லியிருப்பார்கள். 2021இல் 1,000 ரூபா நாட்சம்பளம் வந்ததும் பல தோட்டங்களில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். கிலோ ஏறினால் கை என்ன செய்யும்? இரண்டு இலை ஒரு மொட்டோடு நிற்காது, முத்தலையும் சேர்த்துக் கிள்ளும். தராசில் நிறை கூடும், தொழிற்சாலையில் தரம் விழும், ஏலத்தில் விலை விழும். பிறகு தொழிலாளிக்கு வேலை தெரியவில்லை என்று பெரட்டில் ஏச்சு.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் வந்தேன். நம் காலடி மண்.

பசறை ரோட்டில் மண் நிரப்பும்போது பவுசரில் தண்ணீர் தெளித்துவிட்டு ரோலர் ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த மண் இறுகாது. கொஞ்சம் ஈரம் இருந்தால் மணிகள் நகர்ந்து நெருங்கும், நடுவே பிடித்த நீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்தும் வைக்கும். இறுகுவதற்கு ஏற்ற ஈரம் எவ்வளவு என்று அளக்கும் முறையை 1933இல் புரொக்டர் என்ற பொறியியலாளர் எழுதிவைத்தார். அந்த அளவைத் தாண்டி மண்ணின் துளைகள் முழுக்க நீர் நிறைந்தால், இழுத்துப் பிடித்த அதே நீர் மணிகளைத் தள்ளிப் பிரிக்கிறது. சரிவு அப்போதுதான் நழுவுகிறது. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்களை மூடிய மண் முந்தின மாரிகளையெல்லாம் தாங்கி நின்ற மண்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"எத்தனை மழை பார்த்த லயம், ஒன்றும் ஆகாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உச்சி வரைக்கும் அது சரி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவு சொல்லியிருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு. 100 என்றால் மூட்டை கட்டு. 150 என்றால் வெளியேறு. பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் கொடுப்பது அரசின் கடமை, அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரைக்கும் இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். மழைமானியின் கணக்கு கந்தோர் நோட்டுக்குள்ளேயே கிடக்க விடாதீர்கள். மழை நாட்களில் காலையும் மாலையும் அந்த எண்ணைக் கோயில் ஸ்பீக்கரில் சொல்லுங்கள், லயத்துக்கு லயம் போனில் அனுப்புங்கள். மழைமானி இல்லாத டிவிஷனுக்கு நாளைக்கே ஒன்று வாங்கி வையுங்கள்.