ஜீப் வந்தபோது அமைதியானவர்கள்



இந்த நினைவுச் சொற்பொழிவில் எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டபோது, பேய்த் தொடர்களைப் பற்றி என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் வீட்டுக்கு வீடு பிணம் கிடந்தது. அந்தக் கள்ளக்குறிச்சியில் நின்றுகொண்டு, நாட்டார் கதையை வைத்து எடுத்த ஒரு தொடரைப் பார்த்து யார் பயந்தார்கள், யார் சிரித்தார்கள் என்று பேசுவது சிலருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். கருணாபுரத்துக்கும் வருவேன்.

நாம் யார் நினைவாகக் கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் பகலில் சங்க வேலையும் ராத்திரியில் கூத்தும் பார்த்தவர். காத்தவராயன் வேஷம் கட்டினால் கழுமரக் காட்சியில் ஒரு நொடி நின்று சனத்தைப் பார்ப்பார். "கூத்தில் பாதியத்தான் நான் ஆடுறேன். மீதியப் பாக்குறவன் ஆடுறான்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அவர் சொன்ன அந்த மீதிப் பாதியைப் பற்றியதுதான் இந்தப் பேச்சு.

எனக்குப் பதினைந்து வயசு இருக்கும்போது சன் டிவியில் 'விடாது கருப்பு' வந்தது. 2024 நவம்பரில் காலமான இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்ம தேசம்' வரிசையில் வந்த தொடர். தப்பு செய்கிறவனைக் குதிரையில் வந்து தண்டிக்கும் கருப்புசாமி கதை. எங்கள் காலனியில் அப்போது டிவி கிடையாது. ஊர்த்தெருவில் ஒரு வீட்டு வாசலில், திண்ணைக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்போம். குளம்புச் சத்தம் கேட்டால் உள்ளே இருக்கிற பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொள்வார்கள். வெளியே என் பக்கத்தில் இருந்த ஆயா சிரித்துக்கொண்டே, "நம்ம ஊட்டு ஆளுக்கு இவுங்க ஏன் இப்பிடி நடுங்குறாங்க?" என்று கேட்டாள். எங்களுக்குக் கருப்பு எல்லையில் காவலுக்கு நிற்கிறவர். சுருட்டும் சாராயமும் வைத்து, வயல் வேலைக் கூலி வராததைச் சொல்லி முறையிடுகிற ஆள். உள்ளே இருந்தவர்களுக்கு அவர் தண்டிக்க வருகிறவர். ஒரே தொடர்தான், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு பயம், இந்தப் பக்கம் ஒரு தைரியம். பின்னால் சமூகவியலில் முதுகலை படித்தேன். பார்வையாளர் ஆய்வு என்று ஒரு துறையே இருப்பது அங்கேதான் தெரிந்தது. அந்த ஜன்னலைப் பற்றி ஆயா சொன்னதைவிட அதிகமாக அங்கே நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

2024 மார்ச் 29-ஆம் தேதி அமேசான் பிரைமில் 'இன்ஸ்பெக்டர் ரிஷி' வந்தது. பத்துப் பகுதிகள். இயக்கியவர் நந்தினி ஜே.எஸ். தேன்காடு என்ற கற்பனை மலைக்காட்டில் மனிதர்கள் பூச்சி வலைக்குள் சுற்றப்பட்டதுபோலச் செத்துக் கிடக்கிறார்கள். காட்டுமக்கள் வனராட்சி என்கிறார்கள். ஒரு கண்ணை இழந்த காவல் ஆய்வாளர் விசாரிக்க வருகிறார். பழங்குடி நம்பிக்கை, வனத்துறை, காவல்துறை, இந்த மூன்றுக்கும் நடுவே கதை ஓடுகிறது. முடிவைச் சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் இருப்பீர்கள். மோசமான தொடர் என்றும் சொல்ல மாட்டேன். பெண்ணை நேசிக்கிற ஒரு பெண் போலீசைக் கேலி செய்யாமல் காட்டியிருக்கிறார்கள். தமிழில் அது சின்ன விஷயம் இல்லை.

நகரத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் பேசியதெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ராத்திரி தனியாகப் பார்க்க முடியவில்லை, காடு அழகாக இருக்கிறது, கடைசி ரெண்டு பகுதி இழுவை. ஒரு தம்பி, "நம்ம மலையில இவ்வளவு கதை இருக்குன்னு தெரியாமப் போச்சேக்கா" என்றான். கல்வராயன் மலையில் வனராட்சி என்ற பெயரில் ஒரு சாமியையோ பேயையோ நான் கேட்டதில்லை என்றேன். அவன் நம்பவில்லை. திரையில் வந்துவிட்டதே.

மே மாதம் வேறு வேலையாக மலைக்குப் போனேன். வன உரிமைச் சட்டத்தில் பட்டா கேட்டுப் போட்ட மனுக்கள் சம்பந்தமான வேலை. வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில் தங்க வேண்டி வந்தது. அந்த வீட்டுப் பையன் கோவையில் கட்டட வேலை செய்கிறவன், விடுப்பில் வந்திருந்தான். போனில் தொடரை இறக்கி வைத்திருந்தான். எப்படி இறக்கினான் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். சாப்பிட்ட பிறகு போனைச் சொம்பில் சாய்த்து வைத்து ஒன்பது பத்துப் பேர் பார்த்தோம்.

நான் படித்த படிப்பு சும்மா விடுமா? மனசுக்குள் ஒரு கேள்விப்பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. எந்த இடத்தில் பயப்படுகிறார்கள், எந்த இடத்தில் பேசுகிறார்கள் என்று கவனித்தேன். வனராட்சி வந்தபோது பிள்ளைகள் கத்தின, பிறகு சிரித்தன. பெரியவர்கள் இடையிடையே பேசிக்கொண்டே இருந்தார்கள். இந்த மரம் நம்ம பக்கம் கிடையாது, அந்தப் பொம்பளை கட்டியிருக்கிற சேலை எந்த மலைக்காரி கட்டுவாள், தேன் எடுக்கிறவன் இந்த நேரத்தில் போவானா என்று ஒரே விமர்சனம். ஒரு காட்சியில் வனத்துறை ஜீப் வளைவில் ஏறி வந்தது. பேச்சு நின்றுவிட்டது. ஜீப் நின்று, காக்கி உடுப்பில் ஆட்கள் இறங்கி, வீடுகளைப் பார்த்து நடக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜீப் போன பிறகுதான் ஒரு பெரியவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். எடுத்தவர்கள் அந்தக் காட்சியைப் பயமுறுத்த எடுக்கவில்லை. கதையை அடுத்த இடத்துக்கு நகர்த்த வைத்த சாதாரணக் காட்சி அது.

கேள்விப்பட்டியலை அத்தோடு மடித்து வைத்துவிட்டேன்.

அந்த அமைதி எங்கிருந்து வருகிறது என்று தெரிய கல்வராயனை ஒட்டிய சித்தேரி மலையைப் பார்க்க வேண்டும். அதன் அடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. அங்கே வாழ்கிறவர்களும் இவர்களைப் போல மலையாளிப் பழங்குடிகள். 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்த ஊருக்குள் நுழைந்தன. ஊரையே ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி. 31 வருஷம். அந்தத் தீர்ப்பு வந்து சரியாக ஆறு மாதத்தில், காட்டில் நடக்கும் மர்மச் சாவுகளைத் துப்புத் துலக்கக் காக்கியோடு ஒரு நாயகன் நம் திரைக்கு வந்திருக்கிறார். இது யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனால் மலையில் பார்க்கிறவருக்கு இந்த இரண்டும் ஒரே காட்டில்தான் நடக்கின்றன.

2015 ஏப்ரல் 7-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை சேஷாசலம் காட்டில் 20 தமிழ்நாட்டுக் கூலிகளைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்ட ஆட்கள். கூலிக்கு மலை இறங்குகிற பையன் திரும்பி வருவானா என்பது இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிற கவலை. இந்த மலையை 1976 வரை மூன்று ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். நாடு விடுதலையாகி 29 வருஷம் ஆன பிறகுதான் அரசாங்கம் என்ற ஒன்று மேலே ஏறியது. அது ஏறியதே ஜீப்பில்தான்.

மலை என்றால் கொல்லுகிற பெண்தெய்வம் என்று நினைப்பது சமவெளிக்காரர்களுக்குப் புதுசு இல்லை. சிரித்தே கொல்லும் என்று சொல்லப்படுகிற பக்கத்துக் கொல்லிமலைப் பாவை சங்கப் பாட்டுகளிலேயே வருகிறது. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் கொல்லிப்பாவை உண்டு. பாடியவர்கள் பெரும்பாலும் கீழே இருந்து அண்ணாந்து பார்த்தவர்கள். மலைக்காரர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை வேறு மாதிரி. காஞ்சிபுரத்திலிருந்து கரியராமன் சாமியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் தம்பிகள் கிளம்பி, ஆளுக்கொரு மலையில் தங்கினார்கள் என்பது அந்தக் கதை. இடம்பெயர்ந்த கதை, பிரிந்த கதை. அதில் கொலைகாரப் பேய் கிடையாது. அதை வைத்து யாரும் பத்துப் பகுதி எடுக்கப்போவதில்லை. பார்க்கிறவர்கள் எதிர்பார்ப்பது கொல்லிப்பாவையைத்தான்.

பார்க்கிறவர்கள் என்கிறேனே, அதில் யார் யார் சேர்த்தி? பேராசிரியர் நா. வானமாமலை முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தபோது ஒன்றைக் கவனித்துச் சொன்னார். பிராமணனாகிய பட்டன் காதலித்து மணந்த பொம்மக்காவும் திம்மக்காவும் சக்கிலியர் வீட்டுப் பெண்கள், வாலப்பகடையின் மகள்கள். பின்னால் வில்லுப்பாட்டில் ஒரு திருத்தம் நுழைந்துவிட்டது. அவர்கள் பிறப்பால் பிராமணப் பெண்களாம், பகடை எடுத்து வளர்த்தவராம். மதுரைவீரனுக்கும் அதே கதி. அருந்ததியர் தம் குலசாமியாகக் கும்பிடுகிற வீரன் கதைப்பாடலிலேயே ராஜா வீட்டுப் பிள்ளையாகிவிட்டான். 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்த படம் அதை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கொலையான ஆள் சாமியாகலாம், ஆனால் நம் சாதியில் பிறந்தவனாக இருக்கக் கூடாது. இந்தத் திருத்தங்களைப் பாடுகிறவன் மட்டும் செய்திருக்க மாட்டான். கொடைக்குப் பணம் கொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவன் முகம் சுளித்திருப்பான், அடுத்த வருஷம் பாட்டு மாறியிருக்கும். தோழர் சொன்ன மீதிப் பாதியின் வேலை இதுதான். நாட்டார் கதை யாருடைய உடம்பிலிருந்து வந்ததோ, அவர்கள் அதன் பார்வையாளர்களாகக் கணக்கில் வரவில்லை. இன்றைக்குச் சந்தா கட்டுகிறவர் முன்வரிசைக்காரர். சொம்பில் சாய்த்து வைத்த போனை யார் கணக்கெடுப்பார்கள்?

இனி கருணாபுரம். ஜூன் 18, 19 தேதிகளில் விஷச்சாராயம் குடித்தவர்கள் விழ ஆரம்பித்தார்கள். அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் நம் சனங்கள், தினக்கூலிகள். நான் மருத்துவமனை வாசலில் நின்ற அந்த இரண்டாம் நாளே 'மலைச்சாராயம்' என்ற சொல் காதில் விழுந்தது. கல்வராயனிலிருந்து இறங்கியது என்றார்கள். தேடுதல் மேலே போனது. ஊறல் அழிப்புப் படங்கள் வந்தன, காட்டுப் புகையும் காக்கி உடுப்பும் குடமுமாக. எனக்கு அந்தத் தொடரின் அடுத்த பகுதி போலவே இருந்தது.

ஊறல் போடுவது மலையில் இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால். வெல்லத்தையும் வேலம்பட்டையையும் ஊறவைத்துக் காய்ச்சுவதில் வருகிற சரக்கு இல்லை அது. தொழிற்சாலை ரசாயனம். அது டேங்கரிலும் கேனிலும் தார்ச்சாலை வழியாகத்தான் வர முடியும், வழியில் சோதனைச் சாவடிகளைத் தாண்டித்தான் வர முடியும். விற்றதும் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே. 2024 நவம்பரில்தான் உயர்நீதிமன்றம் வழக்கைச் சிபிஐக்கு மாற்றியது. இவ்வளவுக்குப் பிறகும் கடைத்தெருவில் கேளுங்கள், மலை என்றுதான் சொல்வார்கள். 2024 ஜூலையில் அதே உயர்நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அந்த மலைக்கு ஒரு நல்ல சாலை கேட்க அறுபது பிணம் கீழே விழ வேண்டியிருந்தது.

வெட்கத்தோடு சொல்கிறேன், 'மலைச்சாராயம்' என்று நம் தோழர்களும் சொன்னார்கள். நம் சுவரொட்டி ஒன்றிலேயே அந்தச் சொல் இருந்தது. மலையாளிகள் தங்களைக் காராளர் என்கிறார்கள், கவுண்டர் என்கிறார்கள், நம்மிடம் சில வீடுகளில் டம்ளரைத் தனியாகவும் வைக்கிறார்கள். எனக்கும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயம். அதற்காகச் செத்தவர்கள் பெயரில் ஒரு பொய்யைச் சுமக்க வேண்டியதில்லை. அந்தச் சுவரொட்டியை எழுதியவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். நானும் அதைப் படித்துப் பார்த்து அச்சுக்கு அனுப்பியவள்தான்.

இங்கே வந்திருக்கிற மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். மலைக்கும் போங்கள், கருணாபுரத்துக்கும் போங்கள். பேய்க்கதை கேட்காதீர்கள், அதை எடுக்க ஆள் இருக்கிறது. என்ன பார்த்தார்கள், பார்த்தபோது எங்கே பேச்சு நின்றது என்று கேளுங்கள். கருணாபுரத்தில் இப்போதே கதைகள் கிளம்பிவிட்டன. ராத்திரியில் தண்ணீர் கேட்டுக் கதவு தட்டுகிறார்கள் என்று ஒரு அக்கா சொன்னார். கண் போய்விட்டதால் வீடு தெரியாமல் வேறு வீட்டுக் கதவைத் தட்டுகிறார்களாம். மெத்தனால் பார்வையைப் பறிக்கும், அது உங்களுக்குத் தெரியும். அந்த அக்காவின் கதையில் அந்த மருத்துவ உண்மை அப்படியே இருக்கிறது. இருபது வருஷம் கழித்து யாராவது இதைத் தொடராக எடுக்கும்போது குடிகாரப் பேய்கள் மட்டும் மிஞ்சியிருக்கும், கேன் வந்த சாலை இருக்காது. அதற்கு முன்னால், தேதியோடும் தெருப்பெயரோடும், சொன்னவர் சம்மதத்தோடும் எழுதி வையுங்கள்.

மலையில் அன்றைக்கு ராத்திரி போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. ஏழாவது பகுதியில் நின்றது. வெற்றிலை துப்பிய அந்தப் பெரியவரிடம் மறுநாள் காலையில் தொடர் எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்லாத்தான் இருந்தது என்றார். பேய்க்குப் பயமாக இல்லையா என்றதற்கு, "அது கெடக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "ஏம்மா, கடைசியில அந்த ஊரு சனத்த எங்க கொண்டுபோயி வச்சாங்க? வீட்டுக்கு உட்டாங்களா?"