கேமராவுல தெரியுது, கம்ப்யூட்டர்ல வரலை: போட்டோ எங்கே மாட்டிக்கிச்சு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)



இந்த வாரம் வந்த வாய்ஸ் நோட்கள்ல ஒண்ணு கொஞ்சம் அவசரம். வீடு மாத்தும்போது பரண்ல இருந்து அப்பாவோட பழைய டிஜிட்டல் கேமரா கிடைச்சிருக்கு. சார்ஜ் போட்டு ஆன் பண்ணிப் பார்த்தா, உள்ளே தாத்தாவோட சதாபிஷேகம் போட்டோ வரிசையா வருது. தாத்தா இப்போ இல்லை. இந்த போட்டோவுக்கு வேற காப்பியும் இல்லை. கேமராவைக் கேபிள்ல மாட்டினா லேப்டாப்ல ஒண்ணுமே வரலை. கார்டைக் கழட்டி ரீடர்ல போட்டா, இந்த டிஸ்க்கை முதல்ல ஃபார்மேட் பண்ணணும்னு விண்டோஸ் சொல்லுது. அவங்க கேட்டது ஒரே கேள்வி: "ஓகே கொடுத்துடவா?"

கொடுக்காதீங்க. கேன்சல் பண்ணுங்க. மேக் வச்சிருக்கிறவங்களுக்கு இதே இடத்துல "இனிஷியலைஸ்"னு ஒரு பட்டன் வரும், அதையும் தொடாதீங்க. "எஜெக்ட்" கொடுத்து வெளியே எடுங்க.

ஏன்னு சொல்றேன். அந்த மெசேஜ் "உங்க கார்டு காலி"ன்னு சொல்லலை. "இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குப் புரியலை"ன்னுதான் சொல்லுது. கேமராவோட சின்ன ஸ்க்ரீன்ல போட்டோ தெரியுதுன்னா, போட்டோ கார்டுல இருக்கு. கார்டுல இருந்து கம்ப்யூட்டருக்கு வர்ற வழியில எங்கேயோ அடைப்பு. வழியைச் சரி பண்ணா போதும். அதுக்குப் பதிலா கார்டுல கை வச்சா, நல்லா இருக்கிறதையும் கெடுத்துடுவோம்.

அதனால இன்னைக்கு எபிசோடுக்கு ஒரே விதி: போட்டோ இன்னொரு இடத்துல பத்திரமா சேர்ற வரைக்கும் அந்தக் கார்டுல எதுவும் புதுசா எழுதக் கூடாது. கேமரா வேலை செய்யுதான்னு பார்க்க ஒரு செல்ஃபி எடுக்கிறதுகூட வேண்டாம்.

முதல்ல பூட்டு

எஸ்டி கார்டோட இடது பக்கம் ஒரு குட்டி பிளாஸ்டிக் பட்டன் இருக்கும். அதைக் கீழே தள்ளினா கார்டு "லாக்". இனி கம்ப்யூட்டர் அந்தக் கார்டைப் படிக்கலாம், ஆனா எழுதவோ அழிக்கவோ முடியாது. காப்பி எடுக்கப் படிச்சாலே போதும், அதனால லாக் பண்ணின கார்டுல இருந்து தாராளமா காப்பி எடுக்கலாம்.

ஒரு விஷயம், அந்த லாக் கார்டுக்குள்ள இருக்கிற எலெக்ட்ரானிக் பூட்டு கிடையாது. பட்டன் எங்கே இருக்குன்னு ரீடர்தான் பார்த்து முடிவு பண்ணும். அதைக் கவனிக்காத ரீடரும் உண்டு. அதனால லாக் போட்டாச்சுன்னு ஃபார்மேட் பட்டனோட விளையாட வேண்டாம். மைக்ரோ எஸ்டி கார்டுல இந்த லாக்கே இருக்காது, அதைச் சொருகுற அடாப்டர்ல இருக்கும்.

கேபிள் பார்க்க ஒரே மாதிரி, வேலை வேற

இப்போ வழியை ஒவ்வொண்ணா பார்ப்போம். முதல் சந்தேகம் கேபிள் மேல.

சாதாரண யூஎஸ்பி 2 கேபிளுக்குள்ள நாலு கம்பி இருக்கும். ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு டேட்டாவுக்கு. விலை குறைவா கிடைக்கிற சில சார்ஜிங் கேபிள்ல டேட்டா கம்பி ரெண்டும் இருக்காது. அந்தக் கேபிளைப் போட்டா கேமராவுக்குக் கரண்ட் போகலாம், ஆனா போட்டோ வராது. கம்ப்யூட்டருக்குக் கேமரா வந்திருக்கிறதே தெரியாது.

சோதிக்கிறது சுலபம். கேமராவும் உங்க போனும் ஒரே மாதிரி கேபிள் எடுத்தா, அதே கேபிள்ல போனை லேப்டாப்ல மாட்டுங்க. போன்ல "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" ஆப்ஷன் கொடுத்து ஃபோல்டர் திறந்தா கேபிள் நல்லது. வெறும் சார்ஜ் மட்டும் ஏறினா கேபிளை மாத்துங்க. பழைய கேமராவுல மினி யூஎஸ்பி இருக்கலாம். வீட்டுல பழைய போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் இருந்தா அதோட கேபிள் பொருந்துதான்னு பாருங்க. நிறைய ஹார்ட் டிஸ்க் அந்தக் காலத்துல மினி யூஎஸ்பிலதான் வந்துச்சு.

ஆனா அழுத்தித் திணிக்காதீங்க. அப்போ பல கம்பெனிகள் தங்களுக்குன்னு தனி வடிவத்துல போர்ட் வச்சாங்க. பார்க்க மினி யூஎஸ்பி மாதிரியே இருக்கும், உள்ளே பின் எண்ணிக்கையும் அமைப்பும் வேற. மாடல் நம்பரைச் சொல்லி அதுக்கான கேபிளைக் கேட்டு வாங்குங்க.

கூடவே மூணு சின்ன விஷயம். யூஎஸ்பி ஹப்ல மாட்டாம லேப்டாப்லயே நேரா மாட்டுங்க. கேமராவை ஆன் பண்ணி வையுங்க. சில பழைய மாடல்ல போட்டோ பார்க்கிற மோடுக்கு, அதாவது பிளேபேக்குக்கு மாத்தினாத்தான் கம்ப்யூட்டரோட பேசும். பேட்டரி முழுசா சார்ஜ் ஆகியிருக்கட்டும், பாதியில அணைஞ்சா காப்பியும் பாதியில நிக்கும்.

வந்துடுச்சு, ஆனா நீங்க தேடுற இடத்துல இல்லை

கேபிள் நல்லா இருந்தும் வரலைன்னா, கேமரா மெனுவுல "யூஎஸ்பி" இல்லைன்னா "யூஎஸ்பி கனெக்‌ஷன்"னு ஒரு செட்டிங் இருக்கான்னு தேடுங்க. பொதுவா ரெண்டு வகை இருக்கும்.

ஒண்ணு, "மாஸ் ஸ்டோரேஜ்". இதுல கேமரா ஒரு பென்டிரைவ் மாதிரி நடந்துக்கும். கம்ப்யூட்டர்ல தனி டிரைவா திறக்கும்.

இன்னொண்ணு, "பிடிபி" அல்லது "எம்டிபி". இதுல கார்டை கேமராவே தன் கையில வச்சுக்கும். கம்ப்யூட்டர் கேட்கிற போட்டோவை மட்டும் எடுத்துக் கொடுக்கும். இப்படி மாட்டினா டிரைவ் எழுத்து வராது. விண்டோஸ்ல "திஸ் பிசி"க்குள்ள கேமரா பேரோட ஒரு ஐகான் வரும், அதைத் திறங்க. மேக்ல ஃபைண்டர்ல தேடினா கிடைக்கவே கிடைக்காது. "இமேஜ் கேப்ச்சர்"னு மேக்கோடவே வர்ற ஒரு ஆப் இருக்கு, அதைத் திறந்தா கேமரா இடது பக்கம் உட்கார்ந்திருக்கும். கேமரா வரலைன்னு நினைக்கிற பல பேருக்கு உண்மையில வந்துடுச்சு, பார்க்கிற ஜன்னல்தான் வேற.

புது கேமராவுல இன்னும் ரெண்டு பொறி. சோனி மாடல் பலதுல "பிசி ரிமோட்"னு ஒரு மோட் உண்டு. அது கம்ப்யூட்டர்ல இருந்து கேமராவை இயக்குறதுக்கு. அதை விட்டு மாஸ் ஸ்டோரேஜுக்கோ எம்டிபிக்கோ மாத்துங்க. கேனான் மாடல் பலதுல வைஃபை ஆன்ல இருந்தா யூஎஸ்பி வேலை செய்யாது. வைஃபையை ஆஃப் பண்ணிட்டு மறுபடி மாட்டிப் பாருங்க.

கார்ட் ரீடர்: வயசு முக்கியம்

கேமரா சரிப்பட்டு வரலைன்னா கார்டை ரீடர்ல போடலாம். பொதுவா இதுதான் வேகமான வழி. ஆனா ரீடருக்கும் கார்டுக்கும் தலைமுறை இடைவெளி உண்டு.

பழைய எஸ்டி கார்டு 2 ஜிபி வரைக்கும். 2006ல வந்த எஸ்டிஹெச்சி 32 ஜிபி வரைக்கும். 2009ல அறிவிச்ச எஸ்டிஎக்ஸ்சி அதுக்கு மேல 2 டிபி வரைக்கும். மூணும் பார்க்க ஒரே அளவு, ஒரே வடிவம். புது ரீடர் பழைய கார்டைப் படிக்கும். பழைய ரீடர் புது கார்டைப் படிக்காது. அப்போதான் "ஃபார்மேட் பண்ணவா"ங்கிற அபத்தமான கேள்வி வரலாம். கார்டு நல்லாத்தான் இருக்கும், அதைப் படிக்கிற அளவுக்கு ரீடருக்கு வயசு பத்தலை; சொல்லப்போனா வயசு கூடிப்போச்சு.

நம்ம நேயரோட கார்டு பழசு, அதனால அவங்க விஷயத்துல வேற காரணம் இருக்கலாம். கார்டோட தங்க நிறப் பட்டைகள்ல தூசி இருக்கலாம்; உலர்ந்த மெல்லிசான துணியால லேசா துடைங்க, தண்ணி வேண்டாம். ரீடரே கோளாறா இருக்கலாம். இன்னொரு ரீடர்ல, இன்னொரு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க. அப்பவும் ஃபார்மேட் கேட்டா ரீடரை விட்டுடுங்க. அந்தக் கார்டை இப்போ உலகத்துல ஒழுங்கா படிக்கிறது அந்த கேமரா மட்டும்தான்னா, கேமராதான் உங்க ரீடர். சரியான கேபிள், பிடிபி மோட். அங்கே போங்க.

பழைய கேமராவுல எஸ்டி கார்டே இல்லாமலும் இருக்கலாம். ஒலிம்பஸும் ஃபுஜிஃபிலிமும் 2002ல எக்ஸ்டி பிக்சர் கார்டு கொண்டு வந்தாங்க. சோனியோடது மெமரி ஸ்டிக். இதுக்கெல்லாம் பல ஸ்லாட் இருக்கிற பழைய ரீடர் வேணும். சென்னையில இருக்கிறவங்க ரிச்சி ஸ்ட்ரீட்ல கார்டைக் கையில வச்சுக்கிட்டே கேட்டுப் பாருங்க, பேர் சொல்லிப் புரிய வைக்கிறதை விட அது சுலபம்.

இன்னொரு மறைவான இடம்: பழைய சின்ன கேமராக்கள் பலதுல உள்ளேயே கொஞ்சம் மெமரி இருக்கும். கார்டு போடாம எடுத்த போட்டோ அங்கே போய் உட்காரும். கார்டு உள்ளே இருந்தா பெரும்பாலும் அது கண்ணுக்குத் தெரியாது. கேமராவை அணைச்சு, கார்டைக் கழட்டிட்டு, மறுபடி ஆன் பண்ணிப் பாருங்க. யாரும் ஞாபகம் வச்சிருக்காத பத்துப் பதினஞ்சு போட்டோ கிடைக்கலாம்.

காப்பி எடுக்கும்போது நடக்கிற விபத்து

கார்டு திறந்துடுச்சுன்னு வையுங்க. உள்ளே "டிசிஐஎம்"னு ஒரு ஃபோல்டர் இருக்கும். எந்தக் கம்பெனி கேமராவா இருந்தாலும் பெரும்பாலும் அதே பேர்தான், ஏன்னா 1998ல ஜப்பான்ல இதுக்குன்னு ஒரு பொது விதி போட்டாங்க. அதன்படி ஃபோல்டர் பேர் 100ல இருந்து 999 வரைக்கும் ஒரு நம்பரோட ஆரம்பிக்கும். போட்டோ பேரோட கடைசியில நாலு இலக்க நம்பர், 0001ல இருந்து 9999 வரைக்கும்.

இதுல ஒரு ஆபத்து இருக்கு. நம்பர் 9999 தாண்டினா மறுபடி 0001. சில கேமராவுல புது கார்டு போட்டாலும் 0001. அதனால வேற வேற நாள்ல எடுத்த ரெண்டு போட்டோவுக்கு ஒரே பேர் இருக்கலாம். எல்லாத்தையும் அள்ளி ஒரே ஃபோல்டர்ல கொட்டும்போது "ரீப்ளேஸ் பண்ணவா"ன்னு கம்ப்யூட்டர் கேட்கும். சரின்னு சொன்னீங்கன்னா முதல்ல வந்த போட்டோ மேல ரெண்டாவது ஏறி உட்கார்ந்துடும்.

அதனால டிசிஐஎம் ஃபோல்டரை அப்படியே முழுசா காப்பி பண்ணுங்க. கட் வேண்டாம், காப்பி. முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. முதல்ல, நடுவுல, கடைசியில சில போட்டோவைத் திறந்து பாருங்க. சின்னப் படமா தெரிஞ்சா போதாது, முழுசா திறக்கணும்.

ஏற்கெனவே ஓகே கொடுத்தவங்களுக்கு

இந்த எபிசோடைக் கேட்கிறதுக்கு முன்னாடியே ஃபார்மேட் கொடுத்துட்டீங்களா? இல்ல, தெரியாம டெலீட் பண்ணிட்டீங்களா? அதோட எல்லாம் முடிஞ்சு போகலை. டெலீட், குயிக் ஃபார்மேட் ரெண்டுமே பொதுவா புத்தகத்தோட பொருளடக்கத்தைக் கிழிக்கிற மாதிரி. உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும், அதுக்கு மேல வேற ஏதாவது எழுதுற வரைக்கும். நம்ம விதி இங்கேயும் அதேதான்: கார்டை உடனே வெளியே எடுங்க, லாக் போடுங்க.

"போட்டோரெக்"னு ஒரு இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கு. பொருளடக்கத்தைப் பார்க்காம பக்கம் பக்கமா புரட்டி, போட்டோ மாதிரி இருக்கிறதையெல்லாம் எடுத்துக் கொடுக்கும். பழைய ஃபைல் பேர் பெரும்பாலும் கிடைக்காது. பார்க்கக் கறுப்பு ஸ்க்ரீனும் எழுத்துமா இருக்கும், பயப்படாதீங்க. ஒண்ணே ஒண்ணு கவனம்: மீட்கிற போட்டோவைக் கம்ப்யூட்டர்ல சேமியுங்க, அதே கார்டுல வேண்டாம். எந்த ரீடர்லயும், கேமராவுலயும் கார்டு இருக்கிறதே தெரியலைன்னா, அது மென்பொருளால ஆகாத காரியம். டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட கொடுக்கணும். எவ்வளவு ஆகும்னு முதல்ல கேட்டுட்டு, அப்புறம் கொடுங்க.

கடைசியா

போட்டோ லேப்டாப்புக்கு வந்ததோட வேலை முடியலை. அப்பவும் லேப்டாப்ல ஒண்ணு, பழைய கார்டுல ஒண்ணு, அவ்ளோதான் இருக்கு. போட்டோகிராஃபர்கள் 3-2-1னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க: 3 காப்பி, 2 வகை சேமிப்பு, அதுல 1 வீட்டுக்கு வெளியே. லேப்டாப்ல ஒண்ணு, ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, கிளவுட்ல ஒண்ணு. கிளவுட் பிடிக்கலைன்னா ஒரு பென்டிரைவ்ல போட்டு அத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்க. அவங்களுக்கும் தாத்தா போட்டோ வேணும்தானே.

இதெல்லாம் முடிஞ்ச பிறகு கேமராவை மறுபடி உபயோகிக்க ஆசையா? புதுசா ஒரு கார்டு வாங்குங்க, அந்த கேமராவுக்கு ஏத்த அளவுல. அதைக் கம்ப்யூட்டர்ல ஃபார்மேட் பண்ணாம கேமரா மெனுவுலயே பண்ணுங்க. பழைய கார்டை லாக் பண்ணி, ஒரு கவர்ல போட்டு, மேலே தேதியும் விசேஷமும் எழுதி எடுத்து வையுங்க.

உங்க வீட்டு அலமாரியிலயும் ஒரு கேமரா தூங்கிக்கிட்டு இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை எடுத்துப் பாருங்க. எங்கேயாவது மாட்டிக்கிட்டா, கேமரா மாடல், கார்டு வகை, ஸ்க்ரீன்ல வந்த மெசேஜ் மூணையும் சொல்லி வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.